ஐம்பத்தொன்பது கிலோ

"ஜெயிச்ச அண்ணா ஏன் கையைத் தூக்க விடமாட்டேங்கறார்?" என்று என் தங்கை அபூர்வா கேட்டாள்.

குத்துச்சண்டை மேடையில் நடுவர், சாய்ராம் அண்ணாவின் மணிக்கட்டைப் பிடித்து மேலே இழுத்தார். அண்ணா கீழே இழுத்தார். எங்கள் காலனி மொத்தமும் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்ததால் நிறைய பேர் அதைக் கவனிக்கவில்லை. "தோள்ல அடிபட்டிருக்கும்" என்று ஏதோ சொல்லி அவளைச் சமாளித்தேன். சரியான பதில் எனக்குக் கிடைக்கப் பல மாதங்கள் ஆயின. கிடைத்ததை இங்கே எழுதுகிறேன். சாய்ராம் என்னைவிட ரொம்ப மூத்தவர். ஆனாலும் 'அவர்' 'அவர்' என்று எழுதினால் ஆள் எங்கோ தள்ளிப் போய் நிற்பதுபோல இருக்கிறது. அதனால் 'அவன்' என்றே எழுதுகிறேன். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சாய்ராமைத் தோற்பதற்காகத்தான் கூப்பிடுவார்கள்.

பணம் வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே விழுகிற ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். ஒவ்வொரு சண்டையிலும் அவன் நிஜமாகத்தான் குத்தினான், நிஜமாகத்தான் வாங்கினான். விஷயம் வேறு. பள்ளி, கல்லூரிப் போட்டிகளில் யாரோடு யார் மோதுவது என்பதைச் சீட்டு எடுத்து முடிவு செய்வார்கள். தொழில்முறைக் குத்துச்சண்டையில் சீட்டெல்லாம் கிடையாது. எதிராளியைத் தேர்ந்தெடுப்பார்கள். வளர்ந்து வருகிற பையன் ஒருவனுக்கு நாலைந்து வெற்றி சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்றால், கௌரவமாகச் சண்டை போட்டு, கௌரவமாகத் தோற்கக்கூடிய ஆள் தேவை. அப்படிப்பட்ட ஆள்கள் ஊருக்குச் சிலர் உண்டு. டெல்லியில் அந்தச் சிலரில் ஒருவன் சாய்ராம்.

அவனுடைய உடம்பின் எடை அறுபத்தொரு கிலோ. ஆனால் போட்டி நடத்துகிற தன்வர் போனில் கூப்பிடும்போது அதைப் பற்றிக் கவலைப்பட மாட்டார்.

"மதராஸி, ஜெய்ப்பூர்ல ஒரு பையன் இருக்கான். அறுபத்தாறு கிலோ. வர்றியா?"

"வர்றேன் சார்."

அவ்வளவுதான். மெலிந்த ஆளைத் தடியன் அடித்தான் என்று பேச்சு வரக் கூடாது என்பதற்காக, எடை பார்க்கிற நாளில் சாய்ராம் வயிறு முட்டத் தயிர்சாதம் சாப்பிட்டு, மேலே வாழைப்பழத்தைத் திணித்து, தண்ணீர் பாட்டிலோடு வரிசையில் நிற்பான். அவனுக்கு முன்னால் நிற்கிற ஜெய்ப்பூர் பையன் எடையைக் குறைப்பதற்காக எச்சிலைக்கூட விழுங்காமல் துப்பிக்கொண்டிருப்பான். ஒருவன் காய்கிறான், ஒருவன் ஊறுகிறான். இரண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே எண்ணில் வந்து நிற்பார்கள்.

பகலில் நொய்டாவில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற வேலை. திங்கட்கிழமை முகம் வீங்கி வந்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை, பழகிவிட்டார்கள். நாங்கள் எல்லோரும் இருந்த லோதி ரோடு அரசாங்கக் குடியிருப்பில்தான் கேலி. மேல்மாடி பாலசுப்ரமணியம் மாமா படிக்கட்டில் நிறுத்திக் கேட்பார்:

"என்னடா சாய், இந்த வாரம் யாரை ஜெயிக்க வெச்சே?"

சாய்ராம் சிரிப்பான். வீங்கிய உதட்டால் சிரித்தால் வலிக்கும், அதையும் சேர்த்துச் சிரிப்பான்.

வீட்டில் அம்மா வத்சலா அந்தப் பேச்சையே எடுக்க மாட்டாள். "மூஞ்சியைக் கொண்டுபோய் எவன்கிட்டயோ குடுத்துட்டு வரான்" என்று சமையலறைக்குள் முணுமுணுப்பதோடு சரி. அப்பா ராமமூர்த்தி அப்படியில்லை. மத்திய அரசு அலுவலகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கோப்பு பார்த்த மனிதர். மகன் ஆடுவதைப் பார்க்க ரோத்தக்வரைக்கும் பஸ்ஸில் வந்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் தோற்றதைப் பார்த்துவிட்டு, "மூணாவது ரவுண்டு உன்னோடதுதான்டா" என்று சொல்லிக்கொண்டே திரும்பி வருவார். மூன்றாவது ரவுண்டு அவனுடையதாக இருக்காது. இரண்டு பேருக்கும் அது தெரியும்.

போன வருடம் மே மாதத்தோடு அப்பாவுக்கு ஓய்வு. ஜூனில் வீட்டைக் காலி செய்துவிட்டுச் சென்னைக்குப் போவதாக ஏற்பாடு. அப்போதுதான் தன்வர் டெல்லியிலேயே, ஆர்.கே.புரத்தில் ஒரு பள்ளியின் உள்ளரங்கில் போட்டி நடத்தப்போவதாகச் சொன்னார். அப்பா அதைப் பிடித்துக்கொண்டார். காலை நடையில் எதிர்ப்பட்டவர்களை எல்லாம் நிறுத்தி டிக்கெட் விற்றார். மோதி பாக் காலனிக்குப் போய் விற்றார். அலுவலகத்தில், கோவிலில், அம்மாவின் பஜனை கோஷ்டியில் விற்றார். "நம்ம சாய் ஆடறான், வந்துடுங்கோ" என்று கைபிடித்துச் சொன்னார்.

தன்வர் கணக்கைப் பார்த்து அசந்துபோனார். இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு: அரங்கை நிரப்புகிறவனுக்கு எதிராளியைத் தேர்ந்தெடுக்கிற உரிமை கிடைக்கும். தோற்கிற பையனைப் பார்க்க ஜனங்கள் இரண்டாம் தடவை வர மாட்டார்கள் அல்லவா?

சாய்ராமைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, டீ வாங்கிக் கொடுத்தார். "இந்தத் தடவை நீ சொல்லு. யார் வேணும்?"

இத்தனை வருடத்தில் யாரும் அவனிடம் அப்படிக் கேட்டதில்லை. சாய்ராம் டீயைக் கையில் பிடித்தபடி யோசித்தான். அப்பா டெல்லியை விட்டுப் போவதற்குமுன் ஒரே ஒரு முறை, அதுவும் இத்தனை பேர் நடுவில், மகன் ஜெயிப்பதைப் பார்க்க வேண்டும். அதற்குமேல் அவனுக்கு எதுவும் தோன்றவில்லை. மனதில் ஒரு பெயர் வந்தது. வந்த வேகத்திலேயே வெட்கமும் வந்தது. இருந்தாலும் சொன்னான்.

"நேகி."

லலித் நேகி கோட்துவாரில் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியர். அவனும் சாய்ராம் மாதிரியே தோற்பதற்காகக் கூப்பிடப்படுகிற ஆள். இரண்டு பேரும் ஒரே மேடையில் வெவ்வேறு பையன்களிடம் அடி வாங்கிவிட்டு, ஒரே பஸ்ஸில் டெல்லிக்குத் திரும்பியிருக்கிறார்கள். அந்த மாதிரிப் பயணங்களில் அவர்கள் ஒருவரையொருவர் 'பாய்', அதாவது சகோதரா, என்று கூப்பிட்டுக்கொள்வார்கள்; ஒருவரிடம் ஒருவர் எதையும் மறைத்ததில்லை. யாருக்கு எந்த விலா இன்னும் ஒட்டவில்லை, யாருக்கு இடது கண்ணில் பூச்சி பறக்கிறது, எல்லாம் பேசுவார்கள். ஏனென்றால் தோற்கிறவனையும் தோற்கிறவனையும் யாரும் மோத விட மாட்டார்கள். அதனால் யாருக்கு லாபம்? அந்த நம்பிக்கையில்தான், ஆல்வாரில் ஒரு சாலையோரத் தாபாவில் ரொட்டி தின்றுகொண்டே நேகி ஒரு தடவை சொன்னான்:

"பாய், அறுபதுக்குக் கீழ போனேன்னா என் கால் செத்துப்போயிடும். கை இருக்கும், மூச்சு இருக்கும், கால் மட்டும் இருக்காது. ஒரு தடவை இறங்கிப் பார்த்தேன். ரிங்குக்கு ஏறுற படியிலயே தடுக்கிட்டேன். என் பாப்பாவோட அம்மா மேல சத்தியமா இனிமே இறங்க மாட்டேன்னு சொல்லிட்டேன்."

நேகியின் உடம்பு அறுபத்தாறு கிலோ.

"நேகியா? நல்ல பையன். கூப்பிட்டா வருவான்" என்றார் தன்வர். "எந்த எடையில?"

இங்கே சாய்ராம் அறுபத்து மூன்று என்று சொல்லியிருக்கலாம். அறுபத்தொன்று என்றுகூடச் சொல்லியிருக்கலாம். அவனுடைய சொந்த எடை அது, யாரும் குறை சொல்லியிருக்க முடியாது.

"ஐம்பத்தொன்பது."

தன்வர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். "சபாஷ் மதராஸி, சபாஷ்! இப்பத்தான் நீ பாக்ஸர் ஆயிருக்கே."

டீ பாதியிலேயே ஆறிப்போயிருந்தது. சாய்ராம் அதை வைத்துவிட்டு வெளியே வந்தான்.

இரண்டு நாள் கழித்து நேகியே போன் செய்தான். குரலில் சிரிப்பு.

"அரே பாய்! நம்மளையே மோத விட்டுட்டாங்க! தமாஷா இல்ல?"

"ஆமா பாய்."

"எடைதான் கொஞ்சம் கஷ்டம். ஐம்பத்தொன்பதுங்கறான் தன்வர். நான் ஒத்துக்கிட்டேன், வேற என்ன செய்ய?" பிறகு கேட்டான்: "நீ எப்பவும் லேசா இருக்கிற ஆள். எப்படி இறங்கறதுன்னு எனக்குச் சொல்லேன். என்ன சாப்பிடட்டும்? உப்பை எப்ப நிறுத்தட்டும்?"

சாய்ராம் அப்போது நொய்டாவில், அலுவலகத்தின் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தான். 'பாய், அந்த எண்ணைச் சொன்னது நான்தான், நான் தன்வரிடம் பேசி மாற்றுகிறேன்' என்ற வாக்கியம் முழுதாக வாயில் வந்து நின்றது. அதை விழுங்கினான். விழுங்கியபின் பேசியாக வேண்டுமே. அதனால் யோசனை சொன்னான். ரொட்டியைக் குறை, முட்டையின் வெள்ளை மட்டும் சாப்பிடு, உப்பைக் கடைசி வாரம் நிறுத்து, தண்ணீரைக் கடைசி நாள்தான் நிறுத்த வேண்டும், முன்னாலேயே நிறுத்தினால் ஆபத்து. எல்லாம் சரியான யோசனை. ஒன்றுகூடப் பொய்யில்லை.

"ரொம்ப தேங்க்ஸ் பாய்" என்றான் நேகி.

எடை பார்க்கிற நாள். தன்வரின் ஜிம்மில் கூட்டம். வெளியே அனல் காற்று. நேகி இரண்டு ஸ்வெட்டரும் அதன் மேல் ரெயின்கோட்டும் போட்டுக்கொண்டு வந்தான். கன்னம் ஒட்டிப்போய், உதடு வெடித்து, கையில் துப்புவதற்கு ஒரு பாட்டில். தராசு அவனைக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டியது. மறுபடி போய் அந்த வெயிலில் தெருவைச் சுற்றி ஓடிவிட்டு வந்தான். அப்போதும் ஒரு மயிரிழை கூடுதல்.

அந்த மாதிரி நேரத்தில் உள்ளாடையையும் கழற்றிவிட்டு ஏறுவார்கள். மறைப்புக்கு இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகத் துண்டைப் பிடிப்பது வழக்கம். ஒரு முனையை ஜிம் ஆள் பிடித்தான். நேகி சுற்றிப் பார்த்துவிட்டுச் சாய்ராமைக் கூப்பிட்டான். "பாய், நீ பிடி. வேற எவனும் வேண்டாம்."

சாய்ராம் துண்டைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றான். துண்டுக்கு அந்தப் பக்கத்தில் நேகியின் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது. அந்த வெயில் காலத்தில்.

"ஐம்பத்தொன்பது" என்று யாரோ கத்தினார்கள். எல்லோரும் கைதட்டினார்கள்.

மறுநாள் மாலை அரங்கம் நிரம்பி வழிந்தது. அப்பா முதல் வரிசையில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில். பக்கத்தில் முதன்முறையாக அம்மா. நானும் அபூர்வாவும் நாலாவது வரிசையில் இருந்தோம்.

முதல் ரவுண்டில் நேகி நன்றாகவே ஆடினான். நீளமான இடது கை அவனுக்கு. சாய்ராமின் மூக்கில் இரண்டு தடவை பட்டது. "ஐயோ" என்றாள் அம்மா. இரண்டாவது ரவுண்டின் நடுவில் நேகியின் கால்கள் நின்றுபோயின. பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு அது களைப்பு மாதிரித் தெரிந்தது. சாய்ராமுக்குத் தெரியும் அது என்னவென்று. அதற்காகத்தானே அவன் அந்த எண்ணைச் சொன்னான்?

நேகி அவன்மேல் சாய்ந்து இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டான். காதுக்குப் பக்கத்தில் மெதுவாகச் சொன்னான்: "பாய், தீரே."

மெதுவாக என்று அர்த்தம். தோற்கிறவர்களுக்குள் அதற்கு ஒரு மரியாதை உண்டு. எதிராளி அப்படிச் சொன்னால் கொஞ்ச நேரம் அவனைத் தாங்கிப் பிடித்துக்கொள்வார்கள். மூச்சு வாங்க விடுவார்கள். பிறகு ஆடுவார்கள். சாய்ராமை எத்தனையோ பேர் அப்படித் தாங்கியிருக்கிறார்கள். ஜெயிக்கிற பையன்கள்கூட.

நடுவர் இருவரையும் பிரித்துவிட்டார். "விடாதே சாய்! அடிடா!" என்று அப்பாவின் குரல் எல்லாக் குரலுக்கும் மேலே கேட்டது.

சாய்ராம் அடித்தான். விலாவில் ஒன்று, அதே இடத்தில் இன்னொன்று. நேகி விழவில்லை. பஸ்ஸில் இடம் கிடைத்தவன் உட்காருவதுபோல மெதுவாகத் தரையில் உட்கார்ந்தான். எழுந்திருக்க ஒரு முயற்சி செய்து கால்களைப் பார்த்தான். டாக்டர் மேடைக்கு ஓடினார். அதற்குப் பிறகுதான் நடுவர் கையைத் தூக்கியதும், இவன் கீழே இழுத்ததும்.

உள்ளே உடை மாற்றுகிற அறையில் நேகி பெஞ்சில் சாய்ந்திருந்தான். டாக்டர் கரைத்துக் கொடுத்த உப்புச் சர்க்கரைத் தண்ணீரைச் சிறிது சிறிதாகக் குடித்துக்கொண்டிருந்தான். உயிருக்கு ஒன்றும் இல்லை, ஒரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தால் போதும் என்றார் டாக்டர். சாய்ராம் வாசலிலேயே நின்றான். அவனைத் தள்ளிக்கொண்டு அப்பா உள்ளே போனார். முகமெல்லாம் பூரிப்பு. இருந்தாலும் முதலில் நேகியிடம்தான் போய், தன்னுடைய ஆபீஸ் ஹிந்தியில் நலம் விசாரித்தார்.

நேகி எழுந்திருக்கப் பார்த்தான். முடியாமல் உட்கார்ந்தபடியே கும்பிட்டான்.

"அங்கிள், உங்க பையன் இல்லேன்னா நான் இந்த எடைக்கு வந்திருக்கவே முடியாது. என்ன சாப்பிடணும், எப்பத் தண்ணி நிறுத்தணும், எல்லாம் அவன்தான் போன்ல சொல்லிக் குடுத்தான்."

அப்பா திரும்பி மகனைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. "அப்படியா? எங்கிட்ட சொல்லவே இல்லையேடா!"

அன்று தொடங்கியது அது. அப்பாவுக்கு ஜெயித்ததுகூட இரண்டாம்பட்சமாகிவிட்டது. காலை நடையில், படிக்கட்டில், பால் பூத்தில் அவர் சொன்னதெல்லாம் ஒரே கதை: "எதிராளிக்கே போன் பண்ணி வழி சொல்லிக் குடுத்துட்டு, அப்புறம் நேர்மையா ஜெயிச்சிருக்கான் சார்." பாலசுப்ரமணியம் மாமா கேலியை நிறுத்திவிட்டார். தன் பேரனைக் கூட்டி வந்து, "இந்த அண்ணா மாதிரி இருக்கணும், அச்சா?" என்று சாய்ராமின் காலில் விழச் சொன்னார். சாய்ராம் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

ஓய்வு பெறும் நாளில் அலுவலகத்தில் மாலை போட்டு அனுப்பினார்கள். அங்கேயும் அப்பா மைக்கைப் பிடித்து அதையே சொன்னார். கைதட்டல் கூரையைத் தொட்டது. ஆட்டோவில் திரும்பும்போது சாய்ராமால் தாங்க முடியவில்லை. கழுத்தில் மாலையோடு உட்கார்ந்திருந்த மனிதரிடம் எல்லாவற்றையும் சொன்னான். ஆல்வார் தாபா, தன்வரின் டீ, ஐம்பத்தொன்பது, அந்த போன்.

அப்பா மகன் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பையன்கிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்லப்பா."

"அப்போ எங்கிட்ட எதுக்குச் சொல்றே? எங்கிட்டச் சொன்னா உனக்கு மனசு லேசாகும். அவனுக்கு என்ன ஆகும்?" பிறகு மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "உன்னை ஜெயிக்கச் சொன்னேனாடா நான்? பார்க்கணும்னுதானே வந்தேன்."

சனிக்கிழமை காலை ஆனந்த் விஹாரில் பஸ் ஏறி சாய்ராம் கோட்துவாருக்குப் போனான். நேகி பள்ளி மைதானத்தில் சிறுமிகளுக்குக் கபடிக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தான். லேசாகக் காலைச் சாய்த்து நடந்தான். சாய்ராம் நின்றுகொண்டே சொன்னான். நேகி சுண்ணாம்பு டப்பாவைக் கீழே வைக்காமலே கேட்டான்.

"தெரியும்" என்றான் கடைசியில். "தன்வர் எண்ணைச் சொன்னபோதே தெரியும். அறுபதுக்குக் கீழன்னு நான் உங்கிட்ட மட்டும்தான் சொல்லியிருக்கேன்."

"தெரிஞ்சுமா ஒத்துக்கிட்டே?"

"கூப்பிட்டாப் போகணும் இல்லையா? நீ என்னிக்காவது மாட்டேன்னு சொல்லியிருக்கியா?"

"அப்புறம் ஏன் எனக்கே போன் பண்ணினே? எங்க அப்பாகிட்ட ஏன் அப்படிச் சொன்னே?"

நேகி தான் போட்ட கோட்டைப் பார்த்தான். அது கொஞ்சம் கோணலாக இருந்தது. காலால் அழித்தான். "போன் பண்ணினது, நீயே சொல்லுவேன்னு பார்த்தேன். சொன்னா சிரிச்சுட்டு விட்டிருப்பேன். நீ முட்டை வெள்ளைக்கரு சாப்பிடச் சொன்னே. உங்க அப்பாகிட்ட வேற என்ன சொல்ல முடியும், பாய்? அத்தனை சந்தோஷமா நிக்கறார் மனுஷன்."

மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. டீ குடிக்கிறாயா என்றும் கேட்கவில்லை. சிறுமிகள் காத்துக்கொண்டிருந்தார்கள். அவன் மறுபடி கோடு போடப் போனான்.

அப்பாவும் அம்மாவும் சென்னைக்குப் போய்விட்டார்கள். போவதற்கு முன் அப்பா வீடு வீடாக ஏறி, தான் சொன்னது தப்பு, நடந்தது இதுதான் என்று சொல்லிப் பார்த்தார். யாரும் நம்பவில்லை. "அடக்கம் சார் உங்களுக்கு, பையனுக்கும் அதே குணம்" என்று தோளைத் தட்டி அனுப்பினார்கள். பிடித்துப்போன கதையை ஜனங்கள் திருப்பிக் கொடுப்பதில்லை. மோதி பாக்கில் ஒரு தமிழ் டீச்சர் வகுப்பில்கூட அதைச் சொன்னாராம், நல்ல மனதுக்கு உதாரணமாக.

சாய்ராம் இப்போது சண்டை போடுவதில்லை. எல்லாவற்றையும் அவனே என்னிடம் சொன்னான்; இதை எழுதட்டுமா என்று நான் கேட்டதற்கு, "எழுது. பேரையும் போடு. நேகி பேரைப் பெரிசாப் போடு" என்றான்.

அதனால் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். டெல்லியில் எந்தத் தமிழ் வீட்டிலாவது, எதிராளிக்கு உதவி செய்துவிட்டு ஜெயித்த சாய்ராம் என்று யாராவது கதை சொன்னால், தயவுசெய்து அவர்களை நிறுத்தி இதைச் சொல்லுங்கள். அவர்கள் அடுத்தவரிடம் சொல்லட்டும். அந்தக் கதை போன வீட்டுக்கெல்லாம் இதுவும் போய்ச் சேர வேண்டும்.